சிருஷ்டி: படைப்பா, தோற்றமா?

உலகைக் கடவுள் உண்டாக்கினாரா, அது தானாக உண்டானதா என்று பேச்சு எழும் இடமெல்லாம் 'சிருஷ்டி' வந்து உட்கார்ந்துகொள்ளும். பழைய தமிழ் விவிலியமே "ஆதியிலே தேவன் வானத்தையும் பூமியையும் சிருஷ்டித்தார்" என்றுதான் தொடங்குகிறது.

சொல் வடமொழி. வேர் 'ஸ்ருஜ்': விடுதல், வெளிவிடுதல். பிள்ளையாரை நீரில் கரைப்பதை விசர்ஜனம் என்கிறோமே, அதுவும் இந்த வேரில் பிறந்ததுதான். ஆகவே ஒன்றுமில்லாததிலிருந்து ஒன்றைச் செய்வது என்ற பொருள் வேரில் இல்லை. உள்ளிருப்பது வெளிப்படுவதே அதன் பொருள். ரிக் வேதம் பத்தாம் மண்டலத்தின் 129ஆம் பாடலில் 'விஸ்ருஷ்டி' என்று வருகிறது. இது எங்கிருந்து வந்தது, மேலிருந்து பார்ப்பவனுக்குத் தெரியும், ஒருவேளை அவனுக்கும் தெரியாதோ என்று கேட்டுவிட்டு முடிந்துவிடும் பாடல் அது. வேதத்திலேயே இப்படி ஒரு சந்தேகம்!

சைவ சித்தாந்தமும் இன்மையிலிருந்து உலகம் வந்ததாகச் சொல்வதில்லை. குடத்துக்குக் குயவன், மண், சக்கரம் மூன்றும் வேண்டும். அதுபோல இறைவன் நிமித்த காரணம், மாயை என்னும் மூலப்பொருள் முதற்காரணம், சக்தி துணைக்காரணம். குயவன் மண்ணை உண்டாக்குவதில்லை, மாயையும் தொடக்கமில்லாதது.

தமிழில் நேர்ச்சொல் 'படைப்பு'. "படைப்புப் பல படைத்து" என்னும் புறநானூற்று 188ஆம் பாட்டில் இதற்குச் செல்வம் என்று பொருள். 'பணம் படைத்தவர்' என்று இன்றும் சொல்வது அந்தப் பொருளில்தான். ஆக்குதல் என்ற பொருளும் பழையதே. ஒரு வீட்டில் சாப்பறை, இன்னொரு வீட்டில் மணமுழவு என்று கண்ட பக்குடுக்கை நன்கணியார், "படைத்தோன் மன்ற அப்பண்பி லாளன்" என்கிறார் (புறம் 194). பிச்சை எடுத்துத்தான் வாழவேண்டும் என்றால் "பரந்து கெடுக உலகியற்றி யான்" என்கிறது குறள் 1062. இரண்டு இடத்திலும் படைத்தவன் வருவது ஏச்சு வாங்கத்தான்.

அந்தக் குறளில் உள்ள 'இயற்று', 'இயல்' என்பதன் பிறவினை. 'இயற்கை'யும் இயலிலிருந்து வந்ததே. கடவுள் இயற்றியதா, இயற்கையா என்று எதிரெதிராக நிற்கும் இரண்டு கட்சிக்கும் தமிழில் வேர் ஒன்று.

இயற்கைக் கட்சியும் நமக்குப் புதிதல்ல. நிலம், தீ, நீர், வளி, விசும்பு ஐந்தும் "கலந்த மயக்கம் உலகம்" என்கிறது தொல்காப்பிய மரபியல். கலந்தவர் யார் என்று அந்த வரி கேட்கவில்லை. மணிமேகலையில் வரும் பூதவாதி, அதாவது எல்லாமே ஐம்பூதங்களின் கூட்டு என்பவர், இன்னும் துணிந்தவர். ஆத்திப்பூவையும் வெல்லக்கட்டியையும் சேர்த்தால் கள்ளின் வெறி பிறப்பதுபோல, பூதங்கள் கூடினால் உணர்வு பிறக்கும் என்று அடித்துச் சொல்கிறார்.

சரி, இன்று எதை எழுதுவது? அறிவியல் கட்டுரையில் 'பிரபஞ்ச சிருஷ்டி', 'அண்டப் படைப்பு' இரண்டுமே வேண்டாம். படைப்பு என்றதும் படைத்தவர் ஒருவர் உள்ளே வந்துவிடுகிறார். கேள்வி முடியும் முன்பே பதில் சொன்னதாகிவிடும். 'அண்டத் தோற்றம்' போதும். சுமார் 1380 கோடி ஆண்டுகளுக்கு முன் மிகச் சூடான, மிக அடர்ந்த நிலையிலிருந்து அண்டம் விரிந்தது என்பதே பெருவெடிப்புக் கொள்கை. 1951இல் போப் பன்னிரண்டாம் பயஸ் அதைப் படைப்புக்குச் சான்றாகப் பேசியபோது, அந்தக் கொள்கைக்கு வித்திட்ட ஜார்ஜ் லெமைத்ரே அதை ரசிக்கவில்லை. இத்தனைக்கும் அவரே ஒரு கத்தோலிக்கப் பாதிரியார்.

இறைநம்பிக்கையோடு எழுதுபவர் 'தோற்றுவித்தார்' எனலாம். சைவ சித்தாந்த நூலான சிவஞானபோதத்தின் முதல் சூத்திரத்தில் 'தோற்றிய' என்றே இருக்கிறது. கதை, ஓவியம், சிற்பத்துக்குப் படைப்பு என்பதே சரி. சிருஷ்டிகர்த்தா என்பதற்குப் படைத்தவன்.