முதலில் கூட்டைப் பாருங்கள்

ஜனவரியிலிருந்து மார்ச் வரை குமரி மாவட்டத்தில் மார்த்தாண்டம், அருமனை, குலசேகரம் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் தேன் பெட்டிகள் வரிசையாக நிற்கும். ரப்பர் இலை உதிர்ந்து தளிர் விடும் காலம் அது. அங்கே தேன் பூவிலிருந்து வருவதில்லை. ரப்பர் இலைக்காம்பின் நுனியில், மூன்று சிற்றிலைகளும் சேரும் இடத்தில் சின்னச் சுரப்பிகள் இருக்கின்றன. தளிர்ப் பருவத்தில் அவற்றில் ஊறும் இனிப்பு நீரைத்தான் தேனீக்கள் உறிஞ்சிக்கொண்டு போகின்றன.

பெட்டிக்காரர்கள் பலர் கையுறைகூடப் போடாமல் மூடியைத் திறந்து அடையை வெளியே எடுப்பார்கள். அதே தோட்டத்து ஓரத்தில், உயரமான மரக்கிளையில் முறம் அகலத்துக்கு ஒரு கருத்த கூடு தொங்கினால், அதே ஆட்கள் அந்தப் பக்கம் தலைகாட்ட மாட்டார்கள். இரண்டையும் நாம் தேனீ என்றே சொல்கிறோம். அதனால்தான் சுவர்ப் பொந்தில் சாதுவாக இருக்கும் கூட்டுக்குத் தீ வைப்பதும், கொல்லக்கூடிய கூட்டின் கீழே நின்று போட்டோ எடுப்பதும் ஒரே ஊரில் நடக்கின்றன.

பறக்கிற பூச்சியை வைத்து இனம் பிரிப்பது கஷ்டம். கூட்டை வைத்துப் பிரிப்பது சுலபம்.

ஒரே ஒரு பெரிய அடை, மூடாப்பு எதுவும் இல்லாமல் உயரத்தில் தொங்கினால் அது மலைத்தேனீ. பாறைத்தேனீ, பெருந்தேனீ என்றும் சொல்வார்கள். பாறை முகடு, பாலத்தின் அடி, தண்ணீர்த் தொட்டி, மாடிக் கட்டடத்தின் வெளிப்புறம் எல்லாம் அதற்குப் பிடித்த இடங்கள். அடைமேல் பல அடுக்காகத் தேனீக்கள் மொய்த்திருக்கும். கூட்டுக்குச் சுவரும் கூரையும் அவற்றின் உடம்புதான். கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால் அந்தப் பரப்பில் அலை ஓடுவது தெரியும். குளவி ஏதாவது அருகே வந்தால் ஆயிரக்கணக்கான தேனீக்கள் அடுத்தடுத்து வயிற்றைத் தூக்கித் தாழ்த்துகின்றன. அந்த மினுக்கலைக் கண்டே குளவி விலகிப்போகும்.

பொந்துக்குள் இருக்கும் தேனீ வாசலை மட்டும் காத்தால் போதும். மலைத்தேனீ நாலு பக்கமும் காக்க வேண்டும். அதன் மூர்க்கத்துக்கு இது ஒரு முக்கியக் காரணம். கூடு கலைந்தால் நூற்றுக்கணக்கான மீட்டர் துரத்தி வரும். கலைத்தது நாமாகத்தான் இருக்க வேண்டும் என்றும் இல்லை. தேன் பருந்து வந்து அடையைக் கிழித்துக்கொண்டு போயிருக்கலாம். கீழே நடந்துபோன நமக்குக் கொட்டு விழும். நிலா வெளிச்சத்தில் இரவிலும் இரை தேடும் இனம் இது. இரவு நேரத்தில் டியூப் லைட்டை மொய்த்துவிட்டு தரையில் விழுந்து ஊரும் பெரிய தேனீக்கள் பெரும்பாலும் இவைதான். வெறுங்காலோடு மிதிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

திறந்த கூடு என்றாலே மூர்க்கம் என்று முடிவுகட்டிவிடவும் கூடாது. வேலிச் செடியின் குச்சியைச் சுற்றி உள்ளங்கை அளவு ஒற்றை அடை கட்டும் கொம்புத்தேனீயும் திறந்தவெளிதான். ஆனால் அது உருவத்தில் சின்னது, இலைமறைவில் வாழ்வது. தொந்தரவு அதிகமானால் சண்டையைவிட, கூட்டை விட்டு ஓடுவதையே விரும்பும்.

மரப்பொந்து, சுவர் இடுக்கு, பெட்டி ஆகியவற்றுக்குள் பல அடைகளை அடுத்தடுத்துக் கட்டுவது அடுக்குத்தேனீ. குமரியின் பழைய பெட்டித்தேனீ இதுதான். 1990களின் தொடக்கத்தில் தேனீயின் புழுப்பருவத்தைத் தாக்கும் சாக்புரூட் என்ற நோய் பரவி, இங்கேயும் கேரளத்திலும் பெட்டிகளைக் காலிசெய்தது. கொஞ்சம் பெரியதாக, மஞ்சள் தூக்கலாக இருக்கும் இத்தாலியத் தேனீயும் இன்று பெட்டிகளில் உண்டு.

சுவரிலிருந்து பிசின் குழாய் நீட்டிக்கொண்டிருந்தால், அதற்குள் எறும்பளவு கருத்த கொசுத்தேனீ இருக்கும். எல்லைக்கு அப்பால் சிறுதேன் என்று மூங்கிலிலும் மண்சட்டியிலும் வளர்ப்பது இதைத்தான். இதன் கொடுக்கு கொட்டுவதற்கு உதவாது. மிஞ்சிப்போனால் முடிக்குள் புகுந்து கடிக்கும். கருத்த உடம்பில் அகலமான மஞ்சள் பட்டையோடு வரும் கடந்தை தேனீயே அல்ல, குளவி இனம். மரத்தை மென்று காகிதம்போல் ஆக்கிக் கூடு கட்டும். அதனிடம் மலைத்தேனீக்குக் காட்டும் அதே மரியாதையைக் காட்டுங்கள்.

கொட்டுவது பெண் மட்டும்தான். முட்டையிடும் உறுப்பே கொடுக்காக மாறியிருப்பதால் ஆண் தேனீக்கு அது கிடையாது. வேலைக்காரத் தேனீயின் கொடுக்கில் பின்னோக்கிய முட்கள் உண்டு. நம் தோலில் அவை மாட்டிக்கொள்ள, தேனீ பறக்கும்போது கொடுக்கும் விஷப்பையும் அதை இயக்கும் தசையும் நரம்புமுடிச்சும் பிய்ந்து நம்மிடமே தங்கிவிடும். உற்றுப் பார்த்தால் அந்தத் துணுக்கு தானாகத் துடிப்பது தெரியும். அரை நிமிடத்துக்குள் விஷத்தில் பெரும்பகுதி இறங்கிவிடும். ஆகவே நகத்தால் சுரண்டுவதா, கிள்ளி எடுப்பதா என்று யோசிக்காதீர்கள். எப்படியாவது உடனே எடுங்கள். குளவியின் கொடுக்கு மாட்டிக்கொள்ளாது, ஒரே குளவி பலமுறை கொட்டும்.

கொட்டிய இடத்திலிருந்து வாழைப்பழ வாசம்போல ஒன்று கிளம்பும். மற்ற தேனீக்களை அங்கேயே அழைக்கும் அபாய அறிவிப்பு அது. பெட்டிக்காரர் புகை போடுவதற்கு இதை மறைப்பதும் ஒரு காரணம்.

சுண்ணாம்பு தடவினால் விஷம் முறியும் என்று வீட்டில் சொல்வார்கள். தேனீ விஷம் அமிலம் என்ற பள்ளிக்கூடப் பேச்சும் அதற்குத் துணை. உண்மையில் வலி தருவது அமிலம் அல்ல, மெலிட்டின் என்ற புரதத் துணுக்கு; உலர்ந்த விஷத்தில் பாதி அதுதான். அது தோலுக்கு அடியில் போயாகிவிட்டது. மேலே பூசும் சுண்ணாம்பு தோலைத்தான் வேகவைக்கும். சோப்புப் போட்டுக் கழுவி, ஐஸ் வைத்தால் போதும்.

ஆபத்து இரண்டு வகை. இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் உயிர்கள் போகின்றன. முதலாவது ஒவ்வாமை. இதற்கு ஒரே கொட்டு போதும், கொட்டியது சாதுவான பெட்டித்தேனீயாகவும் இருக்கலாம். கொட்டிய இடம் மட்டும் வீங்குவது சகஜம். உடம்பெல்லாம் தடிப்பு, உதடு நாக்கு வீக்கம், குரல் கம்முதல், மூச்சுத்திணறல், வாந்தி, தலைசுற்றல் என்று சில நிமிடங்களில் வந்தால் அப்போதே ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும். தொடையில் போடும் அட்ரினலின் ஊசிதான் உயிர் காக்கும் மருந்து. அலர்ஜி மாத்திரை அதற்கு ஈடாகாது. மயக்கம் வருகிறவரைப் படுக்கவைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சுத் திணறினால் உட்காரவிடுங்கள், எழுப்பி நடக்கவிடாதீர்கள். வாய்க்குள்ளோ தொண்டையிலோ கொட்டினால், ஒவ்வாமை இல்லாவிட்டாலும் வீக்கமே மூச்சை அடைத்துவிடும்.

இரண்டாவது, விஷத்தின் அளவு. கிலோவுக்குச் சுமார் 20 கொட்டு உயிர்க்கொல்லி என்பது ஐரோப்பியத் தேனீயை வைத்துப் போட்ட கணக்கு. அப்படியென்றால் 15 கிலோ குழந்தைக்கு 300 கொட்டு. அதைவிட எவ்வளவோ குறைவான கொட்டுகளும் சிறுநீரகத்தைக் கெடுக்கலாம். அதனால் கூட்டம் துரத்தினால் முகத்தைத் துணியால் மறைத்துக்கொண்டு, கையை வீசாமல், நிற்காமல் ஓடி, கதவுள்ள அறைக்கோ வண்டிக்கோ போய் மூடிக்கொள்ளுங்கள். குளத்தில் குதித்தால், மூச்சு வாங்கத் தலையை நீட்டும்போது மேலேயே காத்திருக்கும்.

பத்து இருபதுக்கு மேல் கொட்டு வாங்கியவர் நன்றாக இருப்பதுபோலத் தெரிந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போவது நல்லது. விஷம் ரத்தச் சிவப்பணுவையும் தசையையும் உடைக்கும். உடைந்த துணுக்குகள் போய்ச் சிறுநீரகத்தை அடைக்கும். அது தெரிய ஓரிரு நாள் ஆகலாம். சிறுநீர் குறைந்தாலோ, கட்டன்சாயா (பால் சேர்க்காத டீ) நிறத்தில் போனாலோ, இத்தனை நாளைக்கு முன் தேனீ கொட்டியது என்பதை டாக்டரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.