மாத்திரை கவிதையைத் தின்னுமா?

"இந்த மாத்திரை என் கவிதையைத் தின்றுவிட்டது, டாக்டர்" என்றார் அவர். மனம் சில காலம் அளவுமீறிப் பொங்கியும் சில காலம் சோர்ந்து வீழ்ந்தும் போகும் இருமுனை மனநிலைக் கோளாறுக்கு (பைபோலார்), மனநிலையைச் சமன்படுத்தும் லித்தியம் மாத்திரையை ஓராண்டாகச் சாப்பிட்டு வந்தவர். அடையாளங்களை மாற்றிச் சொல்கிறேன். மருந்தை அவராகவே நிறுத்தி ஐந்து வாரம் ஆகியிருந்தது. தூக்கம் மூன்று மணி நேரமாகச் சுருங்கி, பேச்சு மூச்சுவிடாமல் ஓடிக்கொண்டிருந்தது. கையில் இருநூறு பக்க நோட்டு, முழுக்க எழுதி நிரப்பியது. கூட வந்த அக்காதான் அழுதுகொண்டிருந்தார்.

மேதைக்கும் பைத்தியத்துக்கும் நூலிழைதான் இடைவெளி என்பார்கள். அறிவுக்கூர்மையைப் பொறுத்தவரை அது வெறும் பேச்சு. பிரிட்டனில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோரின் தரவுகளை வைத்து 2022இல் வெளியான ஆய்வில், அறிவுத்திறன் மிகுந்தவர்களிடம் மனநோய் கூடுதலாகக் காணப்படவில்லை.

படைப்பாற்றலில் மட்டும் கொஞ்சம் புகை இருக்கிறது. ஸ்வீடனில் சுமார் மூன்று லட்சம் நோயாளிகளின் பதிவேடுகளை ஆராய்ந்து 2011இல் முடிவை வெளியிட்டார்கள். கலை, அறிவியல் தொழில்களில் இருமுனைக் கோளாறு உள்ளவர்கள் கூடுதலாக இருந்தார்கள். நோயே இல்லாத அவர்களின் உடன்பிறந்தவர்களும் அப்படியே! அப்படியானால் கலைக்குக் கைகொடுப்பது குடும்பத்தில் ஓடும் ஏதோ ஒரு கூறாக இருக்கலாம்; அதற்கு நோய் வந்தே தீர வேண்டும் என்பதில்லை.

நோய்தான் கலையை வளர்க்கிறது என்பதற்கு ஜெர்மானிய இசையமைப்பாளர் ராபர்ட் ஷூமனை எல்லோரும் உதாரணம் காட்டுவார்கள். மனம் பொங்கிய ஆண்டுகளில் அவருடைய படைப்புகள் குவிந்தது உண்மை. ஆனால் எண்ணிக்கைதான் ஏறியது, தரம் ஏறவில்லை என்று உளவியலாளர் ராபர்ட் வைஸ்பெர்க் 1994இல் கணக்கிட்டுக் காட்டினார். 1854இல் ரைன் நதியில் குதித்த ஷூமனைக் காப்பாற்றினார்கள். இரண்டாண்டு கழித்து மனநல விடுதியிலேயே இறந்தார், 46 வயதில். அந்த முடிவை மட்டும் யாரும் உதாரணம் காட்டுவதில்லை.

லித்தியம் சாப்பிடும் 24 கலைஞர்களை விசாரித்து டென்மார்க் மருத்துவர் மோகன்ஸ் ஷோ 1979இல் எழுதினார். 12 பேர் முன்பைவிட அதிகம் படைத்தார்கள், 6 பேருக்கு மாற்றமில்லை, 6 பேருக்குக் குறைந்தது. அந்தக் கடைசி ஆறு பேரை நான் நோயாளிகளிடம் மறைப்பதில்லை. மந்தம், கைநடுக்கம் எல்லாம் சிலருக்கு வரத்தான் செய்யும். "சும்மா மனப்பிரமை" என்று மருத்துவர் தட்டிக்கழித்தால், மாத்திரை குப்பைத்தொட்டிக்குப் போய்விடும். வந்து சொன்னால் ரத்தத்தில் லித்தியம் அளவைப் பார்த்து மருந்தைக் குறைக்கலாம், வேறு மருந்துக்கும் மாறலாம். சட்டென்று நிறுத்துவதுதான் ஆபத்து: நோய் வேகமாகத் திரும்பும், தற்கொலை அபாயமும் கூடும்.

அவருக்கும் அளவைக் குறைத்துத்தான் மீண்டும் தொடங்கினோம். ஐந்து மாதம் கழித்து அதே நோட்டோடு வந்தார். "இருநூறு பக்கத்தில் இரண்டு கவிதை தேறும், டாக்டர்" என்றார். அவற்றைப் பகலில் உட்கார்ந்து திருத்திக்கொண்டிருக்கிறாராம். இரவு பத்து மணிக்குத் தூங்கிவிடுகிறார் என்று அக்கா சொன்னார்.