புத்தம் புதுக் காரில் ஐரோப்பா: தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்கள் முதலில் போக வேண்டிய இடம் ஆர்.டி.ஓ. ஆபீஸ்

மகனோ மகளோ ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் வேலையில் இருக்கிறார்கள், கோடையில் இரண்டு மாதம் வந்து இருந்துவிட்டுப் போங்கள் என்கிறார்கள். ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் இது இப்போது அதிசயமான சேதி இல்லை. மாங்கூழ் ஏற்றுமதி செய்கிறவர்களில் கொலோன் நகர உணவுக் கண்காட்சிக்குப் போய் வருகிறவர்களும் உண்டு. போகிற இடத்தில் ரயிலையும் டாக்சியையும் எதிர்பார்க்காமல் நாமே ஒரு கார் எடுத்து ஓட்டினால் என்ன என்று தோன்றுவது இயல்பு. தொப்பூர் கணவாயில் லாரிகளுக்கு நடுவே ஓட்டிப் பழகியவர்களுக்கு அந்த ஊர்ச் சாலைகள் பயமாக இருக்காது. பயப்பட வேண்டியது காகிதங்களுக்குத்தான்.

இதில் இரண்டு அரசு விதிகள் வருகின்றன. ஒன்று நம்முடையது: சர்வதேச ஓட்டுநர் அனுமதி, சுருக்கமாக ஐ.டி.பி. இன்னொன்று பிரான்சுடையது: வெளிநாட்டிலிருந்து வரும் பயணிக்கு வரி இல்லாமல் புதுக் கார் தரும் ஏற்பாடு. இரண்டாவதைப் பற்றிக் கேள்விப்பட்டவர்கள் நம் பக்கம் குறைவு. முதலாவதைப் பற்றிக் கேள்விப்பட்டவர்களும் விமானம் ஏறுவதற்கு நாலு நாள் முன்னால்தான் அதற்கு ஓடுகிறார்கள்.

ஆயிரம் ரூபாய்ச் சீட்டு

ஐ.டி.பி. என்பது தனி லைசென்ஸ் கிடையாது. நம் ஊர் லைசென்ஸில் இருப்பதைப் பிற நாட்டுப் போலீஸும் வாடகைக் கம்பெனியும் புரிந்துகொள்ளும் வடிவத்தில் சொல்லும் ஆவணம், அவ்வளவுதான். அதனால் ஐ.டி.பி.யை மட்டும் எடுத்துக்கொண்டு லைசென்ஸ் அட்டையை வீட்டு பீரோவில் வைத்துவிட்டுப் போனால் ஒன்றுக்கும் ஆகாது. இரண்டும் கையில் இருக்க வேண்டும். பழகுநர் உரிமம் வைத்திருப்பவர்களுக்கு இது கிடைக்காது.

1949-ஆம் ஆண்டு ஜெனிவா சாலைப் போக்குவரத்து உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திட்டிருக்கிறது. அந்த உடன்படிக்கையின்படிதான் இதைத் தருகிறார்கள். முன்பு மாநிலத்துக்கு மாநிலம் அளவும் நிறமும் மாறியிருந்தன. 2022 ஆகஸ்டில் மத்திய அரசு ஓர் அறிவிக்கை போட்டு எல்லாவற்றையும் ஒரே மாதிரி ஆக்கி, லைசென்ஸோடு இணைக்கும் கியூ.ஆர். குறியீட்டையும் சேர்த்தது.

விண்ணப்பம் படிவம் 4ஏ. மத்திய அரசின் பரிவாகன் தளத்தில், லைசென்ஸ் வேலைகளுக்கான சாரதி பகுதிக்குள் போய்த் தமிழ்நாட்டைத் தேர்ந்தெடுத்தால் லைசென்ஸ் சேவைகளுக்குள் இருக்கும். கட்டணம் 1,000 ரூபாய். அதன்மேல் சிறு சேவைக் கட்டணம் சேரலாம். பணத்தைக் கட்டி, ஸ்லாட் எடுத்து, அசல் ஆவணங்களோடு உங்கள் பகுதி ஆபீஸுக்குப் போக வேண்டும். தருமபுரிக்கு டி.என். 29, கிருஷ்ணகிரிக்கு டி.என். 24, ஓசூருக்கு டி.என். 70 என்று வண்டி எண்ணைப் பார்த்தே உங்கள் ஆபீஸ் எது என்று தெரிந்திருக்கும். லைசென்ஸ், பாஸ்போர்ட், புகைப்படங்கள் வேண்டும். விசாவும் டிக்கெட்டும் கையில் இருந்தால் நகல் எடுத்துப் போங்கள். இல்லாவிட்டாலும் கவலை இல்லை. விசா கடைசி நேரத்தில் வரும் நாடுகளும், போய் இறங்கியபின் தரும் நாடுகளும் இருப்பதால், விண்ணப்பிக்கும்போதே விசாவைக் காட்ட வேண்டும் என்ற நிபந்தனையை 2021-இல் நீக்கிவிட்டார்கள். மருத்துவச் சான்றிதழும் அப்போதே போய்விட்டது. இன்னமும் அதைக் கேட்டு அலைய வைக்கும் இடைத்தரகர் கிடைத்தால் அவரை விட்டுவிட்டு நேராகக் கவுன்டருக்குப் போங்கள். பிரேக் இன்ஸ்பெக்டரிடம் மறுபடி எட்டுப் போட்டுக் காட்டவும் தேவை இல்லை.

செல்லுபடி ஓராண்டு. அதற்கு முன்பே உங்கள் லைசென்ஸ் முடிந்துவிட்டால் ஐ.டி.பி.யும் அன்றே முடியும். இது பெற்றோர் வயதில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம். 55 வயதைத் தாண்டியபின் லைசென்ஸை ஐந்தைந்து வருடத்துக்குத்தான் புதுப்பித்துத் தருவார்கள். ஜூலையில் காலாவதி ஆகும் லைசென்ஸை வைத்துக்கொண்டு மே மாதம் கிளம்பினால் பயணத்தின் நடுவில் இரண்டும் சேர்ந்து போய்விடும். அதனால் லைசென்ஸ் தேதியை முதலில் பாருங்கள். அப்புறம் ஐ.டி.பி. அதற்காக ஆறு மாதம் முன்பே போய் வாங்கிவிடாதீர்கள். கையில் கொடுத்த நாளிலிருந்தே ஓராண்டுக் கணக்கு ஓட ஆரம்பித்துவிடும். பயணத்துக்கு ஒன்றரை மாதம், ஒரு மாதம் முன்னால் என்பது சரியான நேரம்.

எங்கே மாட்டுகிறது என்றால்

விதி எளிது. மாட்டுவது பெயரில்.

நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. லைசென்ஸில் 'கே. முருகேசன்' என்று இருக்கும். பாஸ்போர்ட்டில் அந்த 'கே' விரிந்து கிருஷ்ணன் முருகேசன் ஆகியிருக்கும், அல்லது முருகேசன் கிருஷ்ணன் என்று திரும்பியிருக்கும். கிரெடிட் கார்டில் வங்கி தன் இஷ்டத்துக்கு ஒன்றை அச்சடித்திருக்கும். இங்கே யாரும் இதைக் கண்டுகொள்ள மாட்டார்கள். வெளிநாட்டு வாடகைக் கவுன்டரில் நிற்கும் பெண்ணுக்கு இவை மூன்று பேருடைய ஆவணங்கள். கார் எடுப்பவரும் கார்டுக்காரரும் ஒரே ஆளாக இருக்க வேண்டும் என்பது அவர்கள் விதி, அவர் மேல் தப்பில்லை. என் சித்தப்பா ஒருவர் இப்படி அரை நாள் விமான நிலையத்தில் உட்கார்ந்திருந்தார். கடைசியில் சித்தியின் லைசென்ஸும் கார்டும் ஒத்துப்போனதால் சித்திதான் ஓட்டினார். சித்தப்பா இன்றைக்கும் அந்தக் கதை வந்தால் எழுந்து போய்விடுவார். லைசென்ஸில் பெயர்த் திருத்தம் இருந்தால் ஐ.டி.பி.க்கு முன்பே அதை முடித்துவிடுங்கள். பாஸ்போர்ட்டில் இருக்கும் எழுத்துக்கூட்டலே லைசென்ஸிலும் வரட்டும்.

இரண்டாவது, பழைய லைசென்ஸ். கணினிக்கு முந்தைய காலத்துப் புத்தக லைசென்ஸோ பழைய அட்டையோ வைத்திருப்பவர்களின் விவரம் சாரதியில் இல்லாமல் இருக்கலாம். அப்படியானால் இணையத்தில் எண்ணைப் போட்டதும் 'விவரம் இல்லை' என்று வரும். ஆபீஸில் சொல்லிப் பழைய பதிவை ஏற்ற வைத்த பிறகுதான் மற்ற வேலை. கிருஷ்ணகிரி மாவட்டம் 2004-இல்தான் தருமபுரியிலிருந்து பிரிந்தது. அதற்கு முன் லைசென்ஸ் எடுத்த பர்கூர்க்காரருக்கும் காவேரிப்பட்டினத்துக்காரருக்கும் முகவரியில் இன்னும் தருமபுரி மாவட்டம் நிற்கலாம். பெங்களூரில் வேலை பார்த்தபோது கர்நாடக லைசென்ஸ் எடுத்து, இப்போது ஓசூரில் குடியிருப்பவர்கள் முகவரி மாற்றத்தையும் சேர்த்துச் செய்ய வேண்டி வரும்.

கூகுளில் தேடினால் 'சர்வதேச லைசென்ஸ் 10 நிமிடத்தில்' என்று டாலரில் விற்கும் தளங்கள் வரும். அவற்றுக்கும் அரசுக்கும் சம்பந்தமில்லை. அட்டை அழகாக இருக்கும், போலீஸிடம் செல்லாது.

எந்த நாட்டில் என்ன

பிரிட்டனில் நம் லைசென்ஸை வைத்தே 12 மாதம் வரை கார் ஓட்டலாம். சிங்கப்பூரிலும் நியூசிலாந்திலும் ஆங்கிலத்தில் இருக்கும் லைசென்ஸை ஏற்கிறார்கள். ஜெர்மனியில் லைசென்ஸோடு ஐ.டி.பி.யோ மொழிபெயர்ப்போ வேண்டும். பிரான்சிலும் அப்படியே. ஜப்பானுக்கு 1949 உடன்படிக்கை ஐ.டி.பி.தான் செல்லும், நம்முடையது அதே வகை. இலங்கையில் ஐ.டி.பி.யை நீட்டினால் மட்டும் போதாது, அங்கே தனியாக ஓர் அங்கீகாரச் சீட்டு வாங்க வேண்டும். சீனாவில் ஐ.டி.பி. செல்லவே செல்லாது. தாய்லாந்தில் ஸ்கூட்டர் எடுக்க நினைப்பவர்கள் தங்கள் லைசென்ஸில் இருசக்கர வகை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வெறும் எல்.எம்.வி. (கார் வகை) லைசென்ஸுக்கு வாங்கிய ஐ.டி.பி. ஸ்கூட்டருக்கு உதவாது. விழுந்தால் இன்சூரன்ஸும் கைவிடும்.

இனி அந்தப் புதுக் கார்

சாதாரண வாடகைக் காரில் நீங்கள் கேட்கும் மாடல் கிடைக்கும் என்ற உறுதி இல்லை. 'அல்லது அதைப் போன்றது' என்று பில்லிலேயே இருக்கும். உங்களுக்கு முன் எத்தனையோ பேர் ஓட்டிய வண்டி. கீறல் விழுந்தால் குறிப்பிட்ட தொகை வரை உங்கள் பொறுப்பு, அதற்காகக் கிரெடிட் கார்டில் ஒரு பெரிய தொகையை நிறுத்தி வைப்பார்கள்.

பிரான்சில் இன்னொரு வழி இருக்கிறது. அங்கே புதுக் காருக்கு 20 சதவீத மதிப்புக் கூட்டு வரி. ஆனால் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வசிப்பவர் தற்காலிகமாக ஓட்டிவிட்டுப் போகும் காருக்கு அந்த வரி கிடையாது. இதைத்தான் தற்காலிகப் பயண ஏற்பாடு, பிரெஞ்சுச் சுருக்கெழுத்தில் டி.டி. (TT) என்கிறார்கள். ரெனோ, பேஜோ, சித்ரோயன் போன்ற கம்பெனிகள் இதை வைத்து நடத்தும் ஏற்பாடு இப்படி: காகிதத்தில் கம்பெனி ஒரு புதுக் காரை உங்கள் பெயரில் பதிந்து தருகிறது, நீங்கள் திரும்பும் நாளில் முன்பே பேசிய விலைக்குத் திருப்பி எடுத்துக்கொள்கிறது. வாங்கும் விலைக்கும் திருப்பி எடுக்கும் விலைக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் நீங்கள் கட்டுகிறீர்கள். கம்பெனிக்கு ஒன்றிரண்டு மாதமே ஓடிய கார் திரும்பக் கிடைக்கிறது, அதை நல்ல விலைக்கு விற்றுக்கொள்ளும். உங்களுக்கு ஓடோமீட்டரில் சில கிலோமீட்டர் மட்டுமே காட்டும் வண்டி, சொன்ன மாடல், கிலோமீட்டர் கணக்கு இல்லை, முழு இன்சூரன்ஸ், கீறல் விழுந்தாலும் கையிலிருந்து கட்ட வேண்டியதில்லை. நம்பர் பிளேட் சிவப்பாக இருக்கும். அதைப் பார்த்தே வெளிநாட்டுப் பயணி என்று தெரிந்துகொள்வார்கள்.

வயது விஷயமும் நமக்குச் சாதகம். வாடகைக் கம்பெனிகள் 25 வயதுக்குக் குறைந்தவர்களிடம் கூடுதல் கட்டணம் வாங்குவது வழக்கம். வயதானவர்களுக்கு வரம்பு வைக்கும் இடங்களும் உண்டு. டி.டி. ஏற்பாட்டில் 18 வயதும் செல்லுபடியாகும் லைசென்ஸும் பொதுவாகப் போதும்.

சரி, எல்லோரும் இதையே எடுக்கலாமே என்றால், நாளை எண்ணுங்கள். குறைந்தபட்சம் பொதுவாக 21 நாள். முதல் 21 நாளுக்குத்தான் பெரிய தொகை, அதற்குமேல் ஒவ்வொரு நாளும் மலிவு. பத்து நாள் சுற்றுலாவுக்கு இது வீண், வாடகைக் காரே லாபம். இந்த ஏற்பாடு ஆறு மாதம் வரை நீளும் என்று விளம்பரம் சொல்லும். அது நமக்கு உதவாது. ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவில் 180 நாளில் 90 நாள்தான் தங்க முடியும், பல நேரம் தூதரகம் அதைவிடக் குறைத்தே தரும். ஆக, ஒரு மாதத்திலிருந்து மூன்று மாதம் வரை தங்கும் பெற்றோருக்குத்தான் இது கச்சிதமாகப் பொருந்துகிறது. கார் உங்கள் பெயரில் பதிவாவதால் சில வாரம் முன்பே ஆர்டர் கொடுக்க வேண்டும். விசா முத்திரை விழுவதற்கு முன் பணம் கட்டுவதாக இருந்தால் ரத்துக் கட்டணம் எவ்வளவு என்று படித்துவிட்டுக் கட்டுங்கள். வண்டியைப் பிரான்சுக்குள் எடுத்து அங்கேயே விட்டால் செலவு குறைவு. ஜெர்மனியிலோ இத்தாலியிலோ கொண்டுவந்து தரச் சொன்னால் தனிக் கட்டணம்.

மகன் ஓட்டலாமா?

எல்லோரும் கேட்கும் கேள்வி இது. இந்த வரிச் சலுகை ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வசிப்பவருக்கு. ஸ்டுட்கார்ட்டில் குடியிருப்பு அனுமதியோடு இருக்கும் மகன் கையில் இந்திய பாஸ்போர்ட் இருந்தாலும் அவர் அங்கே வசிப்பவர். அவர் பெயரில் இந்தக் காரை எடுக்க முடியாது. ஒப்பந்தத்தில் பெயர் எழுதியவர்கள் மட்டுமே ஓட்டலாம், யார் பெயரை எழுதலாம் என்பதற்கும் கட்டுப்பாடு உண்டு. 'அப்பா, நீங்க பேருக்கு எடுங்க, நான் ஓட்டிக்கறேன்' என்ற திட்டம் இங்கே நடக்காது. இன்சூரன்ஸ் போவது ஒரு பக்கம், சுங்க வரி ஏய்ப்பு என்று வண்டியையே பிடித்து வைக்க இடம் உண்டு. இன்னொன்று: ஜெர்மனியில் குடியேறியவருக்கு இந்திய லைசென்ஸ் ஆறு மாதம்தான் செல்லும். அதற்குப்பின் அந்நாட்டு லைசென்ஸ் எடுத்திருக்க வேண்டும். அது இல்லாத மகன் யாருடைய காரையும் ஓட்டக் கூடாது. அதாவது அப்பா ஓட்ட, மகன் பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்ல வேண்டியதுதான். பல வீடுகளில் இருபது வருடத்துக்குப் பிறகு இது ஒரு நல்ல மாற்றம்.

பணம் அனுப்புவது

ரிசர்வ் வங்கி விதிப்படி 2020 முதல் புதிதாகத் தரும் கார்டுகள் உள்நாட்டுப் பயன்பாட்டுக்கு மட்டுமே திறந்திருக்கும். வெளிநாட்டுப் பயன்பாட்டை வங்கி ஆப்பில் நீங்களே திறக்க வேண்டும், வரம்பையும் உயர்த்த வேண்டும். வங்கி வழியாக அனுப்பினால் அது ஆண்டுக்கு 2,50,000 டாலர் என்ற உச்சவரம்புக்குள் வரும். ஒரு கார் செலவுக்கு அந்த வரம்பைப் பற்றி நாம் கவலைப்பட வேண்டியதில்லை.

வண்டியை எடுக்கும்போது டேங்க் நிறைந்திருக்கும் என்று நினைக்காதீர்கள். டி.டி. காரில் பங்க் வரை போகும் அளவுக்குத்தான் இருக்கும். பங்கில் 'காசோல்' என்று எழுதியிருப்பதைப் பெட்ரோல் என்று எண்ணிப் போட்டுவிடாதீர்கள், பிரான்சில் அது டீசல். எல்லை தாண்டி ஜெர்மனிக்குப் போனால் 'பென்சின்' என்பது பெட்ரோல். சுவிட்சர்லாந்து நெடுஞ்சாலையில் ஏறுவதற்கு முன் 40 பிராங்க் கட்டி ஆண்டுச் சாலைக் கட்டண வில்லை வாங்க வேண்டும். கிருஷ்ணகிரி டோல்கேட் மாதிரி வழியில் மறித்துக் கேட்க மாட்டார்கள், வாங்காமல் போனால் பின்னால் அபராதம்தான் வரும்.

அங்கே இருக்கும்போதே ஐ.டி.பி. காலாவதி ஆகிவிட்டால் ஊருக்குத் திரும்ப வேண்டியதில்லை. 2021-இல் வந்த அதே திருத்தத்தின்படி அந்நாட்டு இந்தியத் தூதரகத்தில் விண்ணப்பிக்கலாம். கட்டணம் 2,000 ரூபாய். விண்ணப்பம் இங்கே உங்கள் ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு வந்து, புதிய சீட்டு நீங்கள் தங்கியிருக்கும் முகவரிக்குக் கூரியரில் வரும்.