மெரூன் துணியில் பிழையில்லை

உவர்மலையில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு வளவு தள்ளி ஓர் அக்கா தைக்கிறார். சட்டை, பிளவுஸ், பாவாடை எல்லாம் தைத்து மிஞ்சும் வெட்டுத் துண்டுகளைச் சாக்கில் சேர்த்து வைத்திருப்பார். ஐப்பசி மழை தொடங்கியதும் அவற்றைக் கட்டம் கட்டமாக வெட்டிக் குழந்தைகளுக்கு ஒட்டுத்துணிப் போர்வை தைப்பார். திருகோணமலையில் போர்வையா என்று சிரிப்பவர்கள் மார்கழி வாடைக்காற்றில் ஓர் இரவு இங்கே படுத்துப் பார்க்கவேண்டும்.

போன கிழமை விறாந்தையில் இரண்டு போர்வைகளை விரித்துவைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். "தம்பி, நீங்க சயன்ஸ் படிச்சனீங்கதானே. ரெண்டிலயும் இருக்கிற மெரூன் ஒரே துணியில வெட்டினது. இதில எரியிற மாதிரி நிக்குது. அதில செத்துப்போய்க் கிடக்குது. சாயம் போயிட்டுதோ?"

ஒரு பழைய பேப்பரில் இரண்டு ஓட்டை போட்டு, மெரூன் துண்டுகள் மட்டும் தெரியும்படி போர்வைகளின் மேல் வைத்தேன். இரண்டும் ஒன்றாகவே தெரிந்தன. பேப்பரை எடுத்தேன், மறுபடியும் வேறு வேறு. அக்கா பேப்பரை வாங்கித் தானே நாலைந்து தடவை வைத்து எடுத்துப் பார்த்துவிட்டு, "இதென்ன கண்கட்டு வித்தை?" என்றார். வித்தை காட்டியது கண்தான்.

இதே முறைப்பாட்டோடு பாரிஸில் ஒருவரிடம் போயிருக்கிறார்கள். கோபெலின் என்ற பெயர்பெற்ற நெசவுச்சாலையில் 1824 முதல் சாயப் பகுதிக்குப் பொறுப்பாக இருந்த வேதியியலாளர் மிஷேல் யூஜீன் ஷெவ்ரல்தான் அவர். கறுப்பு நூல் நீலத்தோடு சேரும்போது மங்கிப்போகிறது, சாயம் சரியில்லை என்றார்கள். வேறு இடங்களின் கறுப்பு நூலோடு ஒப்பிட்டுப் பார்த்தார் ஷெவ்ரல். நூலிலும் சாயத்திலும் குறையில்லை. பக்கத்தில் இருக்கும் நிறம்தான் கறுப்பைக் கெடுக்கிறது என்று கண்டு, அதையே பல ஆண்டுகள் ஆராய்ந்து 1839இல் பெரிய நூலாக வெளியிட்டார். அப்புறம் 102 வயது வரை வாழ்ந்தார்.

அவர் விதியைச் சொன்னார். அது எப்படி நடக்கிறது என்று காட்டியது ஒரு நண்டு. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது, கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன்.

அமெரிக்காவின் அத்திலாந்திக் கரையில் குதிரைலாட நண்டு என்று ஓர் உயிர் உண்டு. பெயர்தான் நண்டு, உறவுமுறையில் சிலந்திக்குக் கிட்ட. அதன் ஒவ்வொரு கூட்டுக் கண்ணிலும் ஏறக்குறைய ஆயிரம் சிறு கண்கள். ஒவ்வொன்றும் பெரிது என்பதால் தனித்தனியாகச் சோதிப்பது சுலபம். கெஃபர் ஹார்ட்லைன் என்ற உடலியலாளர் ஒரு சிறு கண்ணின் நரம்பு அனுப்பும் மின்துடிப்புகளை அளந்துகொண்டிருந்தார். அறையில் வேறு விளக்கு எரிந்தபோது துடிப்பு கூடவேண்டும் என்றுதானே நாம் நினைப்போம்? குறைந்தது. ஒளி கூட, கண் குறைவாகச் சொன்னது. காரணம், அந்த ஒளி அக்கம்பக்கத்துச் சிறு கண்களிலும் விழுந்தது. ஒரு கண் உசாராகும்போது பக்கத்துக் கண்களை "நீ கொஞ்சம் அடங்கு" என்று அமுக்குகிறது. பக்கத் தடுப்பு என்பது இதுதான். 1967இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட மூவரில் ஹார்ட்லைனும் ஒருவர்.

நம் விழித்திரையிலும் இதே வேலை நடக்கிறது. ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு துண்டிலிருந்து கண்ணுக்கு வரும் ஒளி 50 என்று வையுங்கள். சுற்றிவர நாலு பக்கமும் 90 அளவுக்கு வெளிச்சமான மஞ்சள் துண்டுகள். ஒவ்வொரு பக்கத்தானும் தன் பங்கில் பத்தில் ஒன்றைக் கழிக்கிறான் என்றால் 36 போய்விடும், மிச்சம் 14. அதே துண்டைச் சுற்றி 10 அளவில் கடும் நீலம் இருந்தால் கழிவது வெறும் 4, மிச்சம் 46. ஒரே துணி, மூளைக்குப் போன செய்தி ஒன்றில் 14, மற்றதில் 46. உண்மையான கண்ணில் கணக்கு இவ்வளவு எளிதல்ல, மூளையும் தன் பங்குக்குக் கைவைக்கும். ஆனால் அக்காவின் மெரூன் ஒரு போர்வையில் மஞ்சளுக்கும் வெள்ளைக்கும் நடுவில் கிடந்தது, மற்றதில் கடும் நீலத்துக்கு நடுவில் இருந்தது. எது செத்தது, எது எரிந்தது என்று இனி நான் சொல்லத் தேவையில்லை.

கண் ஏன் இப்படி ஏமாற்றவேண்டும்? ஏமாற்றவில்லை, சிக்கனம் பிடிக்கிறது. ஒரு கண்ணில் ஒளியை உணரும் செல்கள் ஏறக்குறைய பத்துக் கோடி. மூளைக்குப் போகும் நரம்பிழைகள் ஏறக்குறைய பத்து லட்சம். எல்லாவற்றையும் அனுப்ப வழியில்லாததால் வித்தியாசத்தை மட்டும் அனுப்புகிறது. இன்னொரு லாபமும் உண்டு. மத்தியான வெயிலில் கொடியில் காயும் கறுப்புத் துணி, அறைக்குள் மடித்துவைத்த வெள்ளைத் துணியைவிட அதிக ஒளியை நம் கண்ணுக்கு அனுப்புகிறது. ஆனாலும் கறுப்பைக் கறுப்பென்றும் வெள்ளையை வெள்ளையென்றும் பார்க்கிறோமே, அது ஒப்பிட்டுப் பார்ப்பதால்தான்.

நண்டின் கண்ணில் விளக்கடிக்கும் வேலைக்கு நம் நாட்டில் யாராவது காசு கேட்டிருந்தால் என்ன பதில் கிடைத்திருக்கும்? "இதால் நாட்டுக்கு என்ன பிரயோசனம்?" ஆராய்ச்சிக்கு நாம் ஒதுக்குவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஒரு வீதத்தைக்கூட எட்டாது. அந்தச் சொற்பத்திலும் உடனே பலன் காட்டுகிறவனுக்குத்தான் முன்வரிசை. சரி, போர்வைக்கு வருவோம்.

அக்காவுக்கு நான் சொன்ன முதல் யோசனை, நிறத்தை மறந்துவிட்டு லைட், டார்க் மட்டும் பார்த்து அடுக்குவது. நிறப் பெயர் நம்மைக் குழப்பும். சிவப்பும் பச்சையும் எவ்வளவோ வேறு என்று நினைப்போம். போனில் கறுப்பு வெள்ளைப் படமாக எடுத்தால் இரண்டும் ஒரே சாம்பலாகி, பாடுபட்டுப் போட்ட கோலம் காணாமல் போயிருக்கும். போன் இல்லாவிட்டால் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாலும் போதும். அந்தியில் மட்டும் பார்க்கக்கூடாது. மங்கல் ஒளியில் விழித்திரையின் வேறு வகைச் செல்கள் வேலைக்கு வருகின்றன, அவற்றுக்குச் சிவப்பு தெரிவதில்லை என்றே சொல்லலாம். முற்றத்துச் செவ்வரத்தம்பூ பொழுதுபட முதலில் கறுத்துப்போவதைப் பார்த்திருப்பீர்கள், இலை அப்போதும் வெளிறித் தெரியும்.

இரண்டாவது, துண்டின் அகலம். இதுவரை சொன்னதெல்லாம் உள்ளங்கை அளவுத் துண்டுகளுக்கு. மெல்லிய கீலங்களாக வெட்டித் தைத்தால் கதை தலைகீழ். அப்போது நிறங்கள் ஒன்றையொன்று தள்ளாமல் ஒன்றோடொன்று கலக்கின்றன. விரிப்பு ஒன்றில் ஒரே ஒரு நிறத்தை மாற்ற முழு விரிப்பும் மாறித் தெரிகிறது என்று கவனித்தவர் வில்ஹெல்ம் வான் பெசோல்ட். அவருடைய தொழில் வானிலை ஆராய்ச்சி! பக்கத் தடுப்பைக் கொண்டு மட்டும் இதை விளக்க முடியாது, ஆய்வாளர்கள் இன்னும் மல்லுக்கட்டுகிறார்கள்.

அக்காவின் மகன் குறுக்கே வந்து, "கண்ணை மூடிக்கொண்டு எடுத்து எடுத்து வைச்சா என்ன?" என்றான். ஆறு நிறம், நிறத்துக்கு எட்டாக 48 துண்டு. எட்டு வரிசை, வரிசைக்கு ஆறு. ஒட்டி நிற்கும் சோடிகள் 82. ஒரு துண்டுக்குப் பக்கத்தில் வர மிச்சம் 47 துண்டு, அதில் அதே நிறம் 7. ஆக ஒரு சோடி ஒரே நிறமாக அமைய வாய்ப்பு 47க்கு 7. ஆகச் சராசரியாகப் பன்னிரண்டு இடத்தில் ஒரே நிறம் ஒட்டிக்கொள்ளும். நாம் "கலந்துகட்டி" என்று மனதில் நினைப்பது குருட்டுவாக்கில் வருவதல்ல. அதற்குக் குறுக்குவழி உண்டு: முதல் வரிசை 1 2 3 4 5 6 என்றால் அடுத்தது 3 4 5 6 1 2, அதற்கடுத்தது 5 6 1 2 3 4, பிறகு முதலிலிருந்து. மூலையிலும்கூட ஒரே நிறம் தொடாது. சதுரங்கக் குதிரை பாயும் சரிவில் மெல்லிய கோடுகள் மட்டும் தோன்றும், அது அழகுதான்.

கடைசியில் மெரூனைத் தூக்கிவிட நாலு கறுப்புத் துண்டு போதும் என்றேன். அக்கா மறுத்தார். போர்வை கேட்டவர்கள், பச்சைப்பிள்ளைக்குக் கறுப்பு ஆகாது என்று முதலே சொல்லிவிட்டார்களாம். கன்னத்தில் கண்ணூறுக்கு வைக்கிற பொட்டு என்ன நிறம் என்று கேட்டேன். அக்கா சிரித்தார். ஆனாலும் கறுப்பை எடுக்கவில்லை. சாக்கைக் கொட்டிக் கிளறி, யாரோ ஒருவருடைய காற்சட்டையில் மிஞ்சிய கடும் நீலத்தை எடுத்து மெரூனுக்கு நாலு பக்கமும் வைத்தார். பிறகு பேப்பரைத் தேடினார், ஓட்டை போட்ட அந்தப் பேப்பரை.