சுவரில் தண்ணீர் போன வழி

மாதிரி ரயில்களுக்கான ஹெச்.ஓ. அளவில், நாமே ஒட்டிச் சேர்க்கும் ஒரு செங்கல் ரயில் நிலையக் கிட்டை வாங்கிப் பிரித்தால், உள்ளே பாகங்கள் ஒட்டிக்கொண்டிருக்கும் சில பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக் சட்டங்கள் பளபளவென்று இருக்கும். 87-இல் ஒரு பங்கு அளவு: இரண்டு மீட்டர் கதவு இதில் 23 மில்லிமீட்டர். ஒட்டி முடித்துத் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் வைத்தால் நிலையம் மாதிரி தெரியாது, சோப்பு டப்பா மாதிரி தெரியும். பெரும்பாலும் அது கைவேலையின் குறை இல்லை. வழவழப்பான பிளாஸ்டிக், விழும் ஒளியை ஒரே பக்கமாகத் திருப்பி அனுப்புகிறது. சொரசொரப்பான செங்கல் நாலாபக்கமும் சிதறடிக்கிறது. கண்ணை ஏமாற்ற முடியாது.

சரி, முதலில் ஒட்டுவோம். பாகங்களை முறுக்கிப் பிய்க்காமல் வெட்டியெடுத்து, பிசிறை உப்புத்தாளில் தேய்த்து, பாத்திரம் கழுவும் சோப்பு நீரில் அலசிக் காயவையுங்கள். பிசுக்கு இருந்தால் பெயின்ட் பிடிக்காது. அப்புறம் தண்ணீர் போன்ற பிளாஸ்டிக் சிமென்ட். பசை என்று சொன்னாலும் இது கரைப்பான்தான். இரண்டு சுவர்களை மூலையில் சேர்த்துப் பிடித்து, உள்பக்கமாகத் தூரிகை நுனியால் தொட்டால் இடுக்கு நெடுக அதுவே ஓடிவிடும். பள்ளியில் படித்த நுண்புழை ஏற்றம். ஓடிய இடத்தில் இருபக்கப் பிளாஸ்டிக்கும் இளகி, மூலக்கூறுச் சங்கிலிகள் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக்கொள்ளும். கரைப்பான் ஆவியானதும் இரண்டும் ஒரே துண்டு. அந்த ஆவி நமக்கு ஆகாது, ஜன்னலைத் திறந்துவைத்துக்கொள்ளுங்கள்.

குட்டி ஜன்னல்களுக்கு நான் சூப்பர் க்ளூ போட்டேன். மறுநாள் அத்தனையும் பனி பிடித்தது போல வெளுத்திருந்தன. அதன் ஆவி காற்றின் ஈரம் பட்டு இறுகி வெண்படலமாகப் படிந்துவிடுகிறது. அங்கே வெள்ளைப் பசைதான் சரி. காய்ந்தால் நிறமே தெரியாது.

இனி வெதரிங், அதாவது வெயிலும் மழையும் பட்டுப் பழசானது போலக் காட்டும் வேலை. பளபளப்பில்லாத செங்கல் நிறம் அடித்துக் காய்ந்ததும், சாம்பல் நிற பெயின்டை நிறையத் தண்ணீர் விட்டுக் கரைத்து, ஒரு சொட்டு சோப்பு சேர்த்துப் பூசுங்கள். சோப்பு இல்லாவிட்டால் பரப்பு இழுவிசையால் நீர் முத்து முத்தாக நின்றுவிடும். சோப்பு இருந்தால் சாந்துக் கோடுகளுக்குள் இறங்கும். மறுபடி அதே நுண்புழை! ஓரிடத்தில் தேங்கவிட்டால் மட்டும், காபி தம்ளர் வைத்த இடம்போல வளையம் விழும். ஓரம் சீக்கிரம் காய்வதால் நடுவிலிருந்து நீர் அங்கே ஓடி, நிறத்துகளையும் இழுத்துப்போகிறது. ஈரத் தூரிகையால் மேலிருந்து கீழாக இழுத்துவிடுங்கள்.

எங்கே அழுக்கு வைப்பது? மழைநீர் போகும் வழியில். ஜன்னல் திண்டின் இரு முனைகளுக்குக் கீழே, கூரைத் தகட்டு ஆணிகளுக்குக் கீழே துருக்கோடு, தரையை ஒட்டி மண் தெறித்த கறை, கொஞ்சம் உப்புப் பூத்த வெண்மை. புகைபோக்கியைச் சுற்றிக் கரி. வெள்ளையடிக்காத பலகையென்றால் சாம்பல் நிறம். வெயிலின் புறஊதாக் கதிர் மரத்தின் இழைகளைப் பிணைத்திருக்கும் லிக்னினைச் சிதைக்க, மழை அதைக் கழுவிவிடுகிறது. கலிபோர்னியாவின் மான்டரேயில் புகைப்படக்காரர் ஜான் ஆலன் இப்படித்தான் தன் மாதிரி ரயில் உலகத்தையே பழசாக்கினார். 1973-இல் அவர் இறந்த சில நாட்களில் அது தீயில் அழிந்தது. படங்கள் இருக்கின்றன, பாருங்கள்.

கடைசியாகச் சாக்பீஸ் தூளைத் தடவி, மேலே பளபளப்பில்லாத மேட் வார்னிஷ் தெளிக்க வேண்டும். தூளின் இடுக்குகளில் காற்று இருந்த இடத்தை வார்னிஷ் நிரப்பிவிடுவதால் ஒளிச்சிதறல் குறைந்து, பாதித் தூள் காணாமல் போனதுபோல் ஆகும். தூளைக் கொஞ்சம் தாராளமாகவே போடுங்கள்.