பத்தாயிரம் கன்று நட்டாயிற்று, சரி, எங்கே?

கம்பெனிகளின் ஆண்டறிக்கையில் பல்லுயிர் பற்றி வரும் வாக்கியங்கள் பெரும்பாலும் இந்த ரகம்தான்: "இயற்கையைப் பேணுவதில் எங்கள் நிறுவனம் உறுதியாக உள்ளது. கடந்த ஆண்டு பத்தாயிரம் மரக்கன்றுகள் நட்டோம்." பக்கத்திலேயே வெள்ளைச் சட்டையும் மண்வெட்டியுமாக ஒரு படம். கோயில் டியூப்லைட்டில் வெளிச்சமே தெரியாத அளவுக்கு உபயதாரர் பெயரை எழுதுவோமே, அந்த மாதிரி.

கடலூர் உப்பனாற்றங்கரையில் ஓர் ஆலை இருப்பதாக வைத்துக்கொள்வோம். அது இப்படி எழுதினால்? "சுத்திகரித்த நீர் இன்ன இடத்தில் ஆற்றில் சேர்கிறது. அங்கிருந்து கழிமுகம் இத்தனை கிலோமீட்டர். மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் அங்கே எடுத்த கணக்கில் இத்தனை வகை மீன், இத்தனை வகை நண்டு இருந்தன. இந்த ஆண்டு இரண்டு வகை நண்டு கண்ணில் படவில்லை. காரணம் தேடுகிறோம்." படிக்க இனிப்பாக இல்லைதான். ஆனால் முதல் அறிக்கையின் 'உறுதி'யைப் பொய் என்று யாராலும் நிரூபிக்க முடியாது. இந்த இரண்டாவதை, வலை வீசுகிற ஒருவர் ஆற்றில் இறங்கிச் சரிபார்த்துவிடலாம். ஓர் அறிக்கையால் உயிரினங்களுக்கு உதவி உண்டென்றால், அது இந்த ஒரு வழியில்தான்.

கார்பன் கணக்கு இதைவிடச் சுலபம். ஒரு டன் கரியமில வாயு கடலூரில் வெளியேறினாலும் கொரியாவில் வெளியேறினாலும் வளிமண்டலத்துக்கு ஒன்றுதான். எல்லா ஆலைகளையும் கூட்டி ஒரே எண்ணாகப் போட்டுவிடலாம். உயிரினங்கள் விஷயத்தில் அப்படிக் கூட்ட முடியாது. பிச்சாவரத்தில் ஒரு ஹெக்டேர் கண்டல் காடு (அலையாத்திக் காடு) போனால், புதுச்சேரி ஊசுட்டேரிக் கரையில் ஒரு ஹெக்டேர் வேம்பு நட்டு ஈடுகட்ட முடியுமா? கண்டல் வேர்களுக்கிடையே வளரும் இறால் குஞ்சு வேப்ப மர நிழலில் வளராது. அதனால்தான் 'எவ்வளவு' என்பதற்கு முன்னால் 'எங்கே' என்று கேட்க வேண்டியிருக்கிறது.

கன்று எண்ணிக்கை எவ்வளவு தூரம் ஏமாற்றும் என்பதற்குப் பிச்சாவரமே சாட்சி. ஒரு காலத்தில் அங்கே காட்டைப் பகுதி பகுதியாக மொட்டையடித்து வெட்டினார்கள். நிழல் போன சேற்று மண் வெயிலில் காய்ந்து அமுங்கி, நடுவில் தொட்டி மாதிரிப் பள்ளமானது. ஓதத்தில், அதாவது கடல் ஏற்றத்தில், உள்ளே வந்த நீர் திரும்ப வடிய வழியில்லை. தேங்கி ஆவியாகி, மண்ணில் உப்பு ஏறிக்கொண்டே போனது. கண்டல் உப்பைத் தாங்கும் மரம்தான், ஆனால் அதற்கும் ஓர் அளவு உண்டு. அந்தப் பள்ளத்தில் எத்தனை ஆயிரம் கன்று நட்டாலும் கருகத்தான் செய்யும். 1990-களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் முதலில் வாய்க்கால்தான் வெட்டின: நடுவில் ஒன்று பெரிதாக, அதிலிருந்து மீன்முள் போலச் சாய்வாகக் கிளைகள். ஓதம் ஏறி இறங்கத் தொடங்கியதும் உப்பு குறைந்தது. அப்புறம் நட்ட வெண்கண்டல் பிழைத்துக்கொண்டது. 2022-இல் பிச்சாவரம், உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது.

ஆக, இங்கே மீட்பு வேலை செய்ததாக ஒரு கம்பெனி எழுதினால், மண்ணின் உப்பளவு எவ்வளவு, ஓத நீர் வந்து போகிறதா, மூன்று வருடம் கழித்து எத்தனை கன்று உயிரோடிருக்கிறது என்று அதில் இருக்க வேண்டும். கடற்கரையில் சவுக்கு நட்டதையும் பசுமைக் கணக்கில் எழுதிவிடலாம். ஆனால் பங்குனி ஆமை முட்டையிட ஏறி வருவது வெறும் மணலுக்கு. தண்ணீர்க் கரை வரை சவுக்கு நெருங்கினால் அதற்கு இடம் போச்சு.

நம் நாட்டில் சந்தை மதிப்பில் முதல் 1000 இடத்திலுள்ள பட்டியலிட்ட கம்பெனிகள், 2022-23 நிதியாண்டிலிருந்து பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி வகுத்த பி.ஆர்.எஸ்.ஆர். என்ற, வணிகப் பொறுப்பும் நிலைத்தன்மையும் பற்றிய அறிக்கையைத் தந்தாக வேண்டும். சரணாலயம், ஈரநிலம், கடலோர ஒழுங்குமுறை மண்டலம் போன்ற இடங்களிலோ அருகிலோ, சூழல் அனுமதி தேவைப்படும் வேலை நடக்கிறதா, நிபந்தனைகளைக் கடைப்பிடிக்கிறீர்களா என்று அதில் ஓர் அட்டவணை உண்டு. அது கட்டாயம். அங்கே பல்லுயிருக்கு என்ன பாதிப்பு என்ற கேள்வியோ விருப்பப் பகுதிக்குப் போய்விட்டது. எங்கே இருக்கிறாய் என்று அதட்டிக் கேட்டுவிட்டு, என்ன செய்தாய் என்பதற்கு 'மனசிருந்தால் சொல்' என்பது எனக்குக் கோளாறாகவே படுகிறது. உலக அளவில், கம்பெனி அறிக்கைகளுக்குத் தரநிலை வகுக்கும் ஜி.ஆர்.ஐ. அமைப்பின் 101 என்ற பல்லுயிர்த் தரநிலை (2024-இல் வந்தது, 2026 முதல் நடைமுறை) இடம், பரப்பு, சூழல் முக்கியத்துவமுள்ள பகுதியிலிருந்து தூரம் எல்லாவற்றையும் கேட்கிறது.

சரி, ஒரு தாள் எப்படி நண்டைக் காப்பாற்றும்? கட்டத்தை நிரப்ப வேண்டுமென்றால் யாராவது ஆற்றில் இறங்கி எண்ணியாக வேண்டும். ஒரு முறை எண்ணி அச்சில் போட்டுவிட்டால் அடுத்த வருடம் அதோடு ஒப்பிடுவார்கள். கடன் கொடுக்கும் வங்கியும் படிக்கும், வழக்குப் போடுபவரும் படிப்பார். நான் இத்தகைய அறிக்கைகளில் முதலில் தேடுவது காணாமல் போன பெயர்களைத்தான். போன வருடம் 'பச்சை நண்டு' என்றிருந்தது இந்த வருடம் 'நீர்வாழ் உயிரினங்கள்' என்று மாறியிருந்தால், எண்ணுவதை நிறுத்திவிட்டார்களா, எண்ணியது சொல்லும்படி இல்லையா என்று கேட்க வேண்டும்.

கேட்க வேண்டியவர் கையில் அது போய்ச் சேர்வதுதான் சிக்கல். 2006-ஆம் ஆண்டின் சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, மக்கள் கருத்துக் கேட்புக்கு முன் திட்டச் சுருக்கத்தை உள்ளூர் மொழியிலும் தரச் சொல்கிறது. ஆலை வந்த பிறகு வரும் ஆண்டறிக்கையோ பெரும்பாலும் ஆங்கிலத்தோடு சரி. ஊர்க்காரர்களுக்குத் தரவு புரியாது என்று யாரும் சாக்குச் சொல்ல முடியாது. கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள கிராமத்தார் 2004 வாக்கிலேயே பயிற்சி பெற்று, எந்த நேரம், காற்று எந்தப் பக்கம், நாற்றம் எதைப் போல என்று குறித்துவைத்தார்கள். வாளிக் கருவியில் காற்றைப் பிடித்து ஆய்வுக்கும் அனுப்பினார்கள். அழுகிய முட்டை நாற்றம் என்று ஒருவர் எழுதினால், வேதியியல் தெரிந்தவருக்கு ஹைட்ரஜன் சல்ஃபைடு நினைவுக்கு வரும்.

இன்னொரு வழியும் இருக்கிறது. சூழல் அனுமதி பெற்ற ஆலை, நிபந்தனைகளைக் கடைப்பிடித்த விவரத்தை ஜூன் 1, டிசம்பர் 1 என ஆண்டுக்கு இரு முறை தர வேண்டும். அது பொது ஆவணம். விண்ணப்பித்தால் யாருக்கும் நகல் கிடைக்க வேண்டும். அதை ஆண்டறிக்கையின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றில் ஆற்றில் விடும் நீரின் அளவும் மற்றொன்றில் 'கழிவுநீர் வெளியேற்றம் இல்லை' என்றும் இருந்தால், அடுத்த கடிதத்தில் எந்த வரியைக் கேட்பது என்று தெரிந்துவிடும்.