தலைக்காய இழப்பீடு: ஸ்கேனில் தெரியாத அடிக்கும் கணக்கு உண்டு

எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரி இடித்து ஒருவருக்குத் தலையில் அடி என்று வைத்துக்கொள்வோம். வயது 30. கன்டெய்னர் யார்டில் டாலி கிளார்க். தமிழக அரசின் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசமாகக் கிடைத்தது. உயிர் பிழைத்து, தன் காலில் நடந்தே வீட்டுக்கு வந்துவிட்டார். மூன்று மாதத்தில் தையல் தழும்புதான் மிச்சம். தெருவில் எல்லோரும் “ஆள் தேறிட்டாருப்பா” என்கிறார்கள். கேட்டதையே திரும்பக் கேட்கிறார், கடைக்குப் போனால் பாதியை மறந்துவிட்டு வருகிறார், ஒன்றுமில்லாததற்குக் கத்துகிறார் என்பது வீட்டுக்காரம்மாவுக்கு மட்டும்தான் தெரியும்.

ஒரு கன்டெய்னருக்கு நான்கு எழுத்து, ஏழு இலக்கம். அதைப் பார்த்து, மனதில் நிறுத்தி, பிசகாமல் எழுதுவதுதான் டாலி வேலை. இனி அது அவரால் ஆகாது.

எம்.சி.ஓ.பி. கேஸ், அதாவது வாகன விபத்து இழப்பீட்டு மனு போடுபவர்கள் கோட்டை விடுவது இங்கேதான். உடல் ஊனச் சதவீதம் வேறு, சம்பாதிக்கும் திறனில் ஏற்பட்ட இழப்பு வேறு என்று ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2010-லேயே சொல்லிவிட்டது. இழப்பீடு இரண்டாவதை வைத்துத்தான். அவர் என்ன வேலை செய்தார், இப்போது அதைச் செய்ய முடிகிறதா, முடியாவிட்டால் வேறு என்ன செய்து பிழைக்கலாம் என்று தீர்ப்பாயம் பார்க்க வேண்டும்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். மாதம் 15,000 என்றால் வருடத்துக்கு 1,80,000. நாற்பது வயதுக்குள், நிரந்தர வேலை இல்லாதவர் என்பதால் எதிர்கால வருமான உயர்வுக்கு 40 சதவீதம் சேர்த்தால் 2,52,000. இதை வயதுக்கு ஏற்ற ஒரு எண்ணால் பெருக்குவார்கள்; முப்பது வயதுக்கு அந்தப் பெருக்கி எண் 17. மொத்தம் 42,84,000. சம்பாத்திய இழப்பு 20 சதவீதம் என்று முடிவானால் கையில் வருவது 8,56,800. அதுவே 60 சதவீதம் என்று நிரூபித்தால் 25,70,400. காயமும் ஆளும் ஒன்றுதான், வித்தியாசம் மட்டும் 17 லட்சத்துக்கு மேல்.

சரி, எப்படி நிரூபிப்பது? அதற்குத்தான் நரம்பியல் உளவியல் பரிசோதனை. சி.டி. ஸ்கேன் மூளையின் படத்தைக் காட்டும், மூளை வேலை செய்யும் விதத்தைக் காட்டாது. இந்தப் பரிசோதனையில் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் எதிரே உட்கார்ந்து சொற்களை வாசித்துவிட்டு அரை மணி கழித்துக் கேட்பார், சிதறிக் கிடக்கும் எண்களை வரிசையாகக் கோடிட்டு இணைக்கச் சொல்வார், கட்டைகளை அடுக்கச் சொல்வார். நினைவு, கவனம், வேகம், திட்டமிடல் ஒவ்வொன்றும் அதே வயது, அதே படிப்பு உள்ளவர்களோடு ஒப்பிட்டு அறிக்கையாக வரும். ‘நான் என்ன பைத்தியமா?’ என்று பலர் முறைப்பார்கள். பைத்தியத்துக்கான சோதனை இல்லை இது என்று முன்கூட்டியே சொல்லி அழைத்துப் போங்கள்.

ஸ்டான்லி ஆஸ்பத்திரியிலோ கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகத்திலோ முதலில் விசாரியுங்கள். தனியாரிடம் போனால் இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு பெற்றவரா என்று பார்ப்பது முக்கியம். சிகிச்சையே தராத டாக்டர் அள்ளிக் கொடுக்கும் ஊனச் சான்று கோர்ட்டில் நிற்காது. ராஜ்குமார் தீர்ப்பிலேயே அதையும் கண்டித்திருக்கிறார்கள்.

காலக் கணக்கில் ஒரு சிக்கல். விபத்து நடந்து 6 மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்பது சட்டம். ஆனால் மூளை அதற்குள் முழுதாகத் தேறியிருக்காது. அதனால் மனுவை முதலில் போட்டுவிடுங்கள், பரிசோதனை அறிக்கையை அப்புறம் சாட்சியமாகச் சேர்க்கலாம். நடுவில் லோக் அதாலத்தில், அதாவது சமரசம் பேசி முடிக்கும் மக்கள் நீதிமன்றத்தில், ஒரு தொகைக்கு ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டால் முடிந்தது கதை, அதன்மேல் அப்பீல் கிடையாது. அறிக்கை வரும்வரை பேரத்துக்கே போகாதீர்கள் என்பேன்.

எஃப்.ஐ.ஆர்., டிஸ்சார்ஜ் சம்மரி, சம்பளச் சான்று எல்லாம் வக்கீலே கேட்பார். அவர் கேட்காத ஒன்றையும் எடுத்துப் போங்கள்: விபத்துக்கு முன்னால் அவர் கையால் எழுதிய டாலி ஷீட்டுகள், கிடைத்தால் பள்ளி மார்க் ஷீட்டும். அடிபடுவதற்கு முன் அந்தத் தலை எப்படி வேலை செய்தது என்று சைக்காலஜிஸ்டுக்கு யாராவது காட்ட வேண்டுமே.